பதினான்காம் இருக்கைக்கு ஒரு ஹெட்போன்

மார்ச் 3, திங்கட்கிழமை. மூன்றாம் தளம், பதினான்காம் இருக்கை. வயது முப்பத்தொன்பது, பணியில் பன்னிரண்டாம் ஆண்டு. மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது வேலை. ஜனவரியில் பிழைகள் இரண்டு, பிப்ரவரியில் ஒன்பது. மாதத்திற்குப் பத்துப் பிழை வரை நிர்வாகம் பொறுத்துக்கொள்ளும். பதினொன்றாவது விழுந்தால் தட்டச்சிலிருந்து எடுத்துத் தொலைபேசிப் பிரிவில் உட்கார வைத்துவிடும்.

இரண்டு மாதங்களுக்கும் நடுவே நடந்தது ஒன்றே ஒன்றுதான். இடம் போதவில்லை என்று நடுச்சுவரை இடித்து, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்கும் அந்தத் தொலைபேசிப் பிரிவை இந்தப் பக்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். பதினைந்தாம் இருக்கைக்கு வந்த இளைஞனுக்குத் தளம் முழுவதும் வைத்த பெயர் மணிக்கூண்டு. அவன் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். பதினான்காம் இருக்கைப் பெண்ணுக்கு அலுவலகம் கொடுத்திருந்ததோ காதில் பஞ்சு ஒட்டியது போன்ற மெல்லிய ஹெட்போன்.

பத்தாம் தேதி சரிபார்ப்பவர் ஒரு தாளை நீட்டினார்.

"என்னம்மா இது? 'வலது முழங்காலில் வீக்கம். கதவை அழுத்தி மூடிப் பார்க்கவும்.' முழங்காலுக்கு ஏதும்மா கதவு?"

மணிக்கூண்டு எட்டிப் பார்த்தான். "ஐயோ, அது நான் ஃபிரிட்ஜுக்குச் சொன்ன வைத்தியமாச்சே!"

தளமே சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால் அதே தாளின் அடியில் இன்னொரு சிவப்புக் கோடு இருந்தது. மருத்துவர் ஐந்து என்று சொன்ன மருந்தின் அளவை அவள் ஐம்பது என்று அடித்திருந்தாள். ஐம்பது, மணிக்கூண்டு உரக்கச் சொல்லிக் குறித்துக்கொண்ட யாரோ ஒருவரின் வீட்டு எண். மாதம் பிறந்து பத்தே நாள், பிழை ஆறு.

அன்று மாலையே கடைக்குப் போனாள்.

"இரைச்சலை அப்படியே முழுங்கிடும் மேடம். விமானத்துல போறவங்க இதைத்தான் கேட்டு வாங்குவாங்க. பிடிக்கலேன்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஏசியின் உறுமலை அது விழுங்கியது. இதுவரை அந்த உறுமலின் அடியில் பாதி அமுங்கிக் கிடந்த மணிக்கூண்டின் குரல் மட்டும் பளிச்சென்று மேலே எழும்பி வந்தது. இரண்டே நாளில் அவன் வாடிக்கையாளர்களின் முகவரிகள் அவளுக்கு மனப்பாடமாயின. பிழை ஏழு.

அதைக் கொடுத்துவிட்டு, காதுத் துளைக்குள் செருகும் ரப்பர் முனை வைத்ததை வாங்கினாள். வெளிச்சத்தம் குறைந்தது, உள்சத்தம் தொடங்கியது. எச்சில் விழுங்கினால் தொட்டியில் நீர் விழுவது போல் கேட்டது. சட்டைக் காலரில் வயர் உரசினால் யாரோ கதவைத் தட்டுவதாகத் திடுக்கிட்டாள். பிழை எட்டு.

வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தும் அதே பேச்சு.

"ஒரு வாரமா வீட்ல ஹெட்போன் புராணம்தான்" என்றார் கணவர். "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா. நீ பேசுறப்போ மாட்டிக்கிறேன்."

"அது இல்லாமலே நீங்க கேக்கிறதில்லையே!"

பதினெட்டாம் தேதி மூன்றாவதை மாட்டினாள். பேட்டரியும் கிடையாது, வித்தையும் கிடையாது. தடித்த மெத்தைகள் இரண்டு காதையும் கவ்விப் பிடித்தன. அப்படியும் மணிக்கூண்டு எங்கோ கசிந்துகொண்டிருந்தான். எரிச்சலில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள், குரல் அற்றுப்போயிற்று. போட்டாள், வந்தது. கழற்றினாள், போயிற்று. பத்து முறை செய்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினாள்: கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்குகிறது, அந்த இடுக்கில்தான் சத்தம் நுழைகிறது.

கண்ணாடி இல்லாமல் திரை மங்கியது. எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து இருபத்தெட்டுக்கு ஏற்றினாள்.

இனி நிம்மதி என்றுதான் நினைத்தாள். ஆனால் எதுவுமே கேட்காதபோது, யாரோ பின்னால் நின்று கூப்பிடுவது போலவே இருந்தது. கை தானாக மேலே போய் வலப்பக்க மெத்தையைத் தூக்கும், தலை திரும்பும், யாரும் இருக்கமாட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு முறை. அப்படித் தூக்கிய ஒரு நொடியில் வரி ஒன்று நழுவியது. பிழை ஒன்பது.

கடைசியில் மணிக்கூண்டிடமே போய் நின்றாள். "யாராவது என்னைக் கூப்பிட்டா தோள்ல தட்டுறியாப்பா?"

"தட்டுறேன்க்கா. ஆனா காலையிலேருந்து உங்களை ஒரு ஆள்கூடக் கூப்பிடல." அவன் முதன்முறையாகக் குரலைத் தணித்தான். "நீங்க நிமிஷத்துக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பாக்குறதுல எனக்குத்தான்கா வேலை ஓட மாட்டேங்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து கை எழும்பும்போதெல்லாம் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணையும் பதிவை ஓட்டி இரண்டாம் முறை கேட்ட பிறகே அடுத்த வரிக்குப் போனாள். வேலை மெதுவானது; வீடு திரும்புவது தாமதமானது. அவன் ஒருமுறைகூடத் தோளைத் தட்டவில்லை. தட்டாததும் உறுத்தியது.

மார்ச் 31, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி. சரிபார்ப்பவர் மாத அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பதினான்காம் இருக்கை. தட்டச்சான குறிப்புகள்: முந்நூற்றுப் பன்னிரண்டு. பிழைகள்: பத்து.