நான்கு மடக்குப் பெட்டிகள்

போன வாரம் என் மகள் கார் டிக்கியில் வைப்பதற்கென்று ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினாள். மடக்கினால் தாம்பாளம் போலத் தட்டையாகிவிடும். விரித்தால் இருபது கிலோ அரிசி தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. "அப்பா, இங்க பாருங்க" என்று டப் டப்பென்று நாலு பக்கத்தையும் நிமிர்த்தினாள். மறுபடி டப் டப்பென்று படுக்க வைத்தாள். நான் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கீல் கீலாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன். "ஆரம்பிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

எதைத் தேடினேன் தெரியுமா? கீல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்றுதான். இல்லை. ஒரு பக்கத்துக் கீல் கீழே இருந்தது, எதிர்ப்பக்கத்துக் கீல் கொஞ்சம் மேலே. யாரோ முகம் தெரியாத ஒருவன் சரியாகச் செய்திருக்கிறான். அந்தக் கொஞ்சத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு நல்ல பலகையும் ஒரு வாரத்துக் கேலியும் செலவாயின.

டிப்ளமா முடித்த கையோடு நான் சேர்ந்தது விழுப்புரத்தில் ஒரு பேக்கிங் பெட்டிப் பட்டறையில். மோட்டார், பம்பு செட்டு, கண்ணாடி என்று லாரியில் போகும் எதற்கும் அளவெடுத்து மரப்பெட்டி அடித்துக் கொடுப்போம். பெரும்பாலும் மாமரப் பலகை. பச்சையாக அறுத்து அடுக்கியிருக்கும்போது புளித்த மோர் மாதிரி ஒரு வாசனை வரும். ஈ மொய்க்கும். அந்த வாசனை சட்டையில் ஏறி, வீட்டுக்கு வந்து, சோற்றில் உட்காரும். என் வேலை டிராயிங் போடுவது. ஒரு பெட்டிக்கு எதற்கு டிராயிங் என்று நீங்கள் கேட்கலாம். பட்டறையில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவன் ஏழுமலை. தச்சு வேலை செய்பவன், என் வயதுதான். விக்கிரவாண்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் சொந்த நிலம் இருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நாட்களில் முதலாளி தலைகீழாக நின்றாலும் பட்டறைக்கு வரமாட்டான். ஆணியை வாயில் கவ்விக்கொண்டே பேசுவான். ஒரு ஆணிக்கு இரண்டு அடி; மூன்றாவது அடி அடித்து நான் பார்த்ததில்லை.

ஆணி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பட்டறை அல்ல, வீட்டு ஓனர்கள். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே தவறிவிட்டார். அம்மா அரசாங்க நர்ஸ். இரண்டு வருடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுதல் உத்தரவு வரும். நானும் அம்மாவும் மூட்டை கட்டுவோம். மயிலம், முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று ஆறு வாடகை வீடுகள். ஆறு வீட்டு ஓனர்களும் சாவியைக் கொடுக்கும்போது ஒரே வசனம்தான்: "எல்லாம் உங்க வீடு மாரி வெச்சிக்கங்க. செவுத்துல மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க." எங்கள் வீட்டு இயேசுவின் திருஇருதயப் படம் என் சின்ன வயது முழுக்கப் பீரோவின்மேல் சாய்ந்துதான் நின்றது. பீரோவைத் திறந்தால் ஆடும். செபமாலை சொல்லும்போது யாரும் பீரோவைத் திறக்கக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே இருந்தது.

வீடு மாற்றும்போது சாமான்கள் கோணிப்பையிலும் பழம்புடவையிலும் போகும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது உடையும். ஒரு தடவை முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு தடவை ஊறுகாய் ஜாடி. ஜாடி உடைந்த அன்று மெத்தை முழுக்க எலுமிச்சை ஊறுகாய். அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தாள்.

சம்பாதிக்கிற பிள்ளை ஆனதும் எனக்கு ரோஷம் வந்தது. பெட்டி அடிக்கிற பட்டறையில் வேலை, வீட்டுச் சாமானுக்குக் கோணிப்பையா? நல்ல பெட்டியாக நாலு செய்ய வேண்டும். ஆனால் வாடகை வீட்டில் நாலு காலிப் பெட்டிகளை எங்கே வைப்பது? ஆகவே மடக்குப் பெட்டி. போகும்போது விரித்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்ததும் மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அடுத்த மாறுதல் வந்தால் மறுபடி இழுத்துக்கொள்ளலாம். இந்த யோசனை வந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இருந்த இட்லிப் பானை, குக்கர், தையல் மிஷின் தலை, எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். "எதுக்குடா?" என்று கேட்டாள். "சொல்றேன், இரு" என்றேன். அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அப்போது அது தோன்றவே இல்லை.

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். அடிப்பலகையில் நாலு பக்கமும் கீல் போட்டு, உள்பக்கமாகப் படுக்கிற மாதிரி வரைந்தேன். மூலைக்கு ஒரு கொண்டி, தூக்குவதற்குக் கயிறு. டிராயிங் ஷீட்டில் மைபோட்டு, கீழே கையெழுத்தும் போட்டு ஏழுமலையிடம் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எதற்கு டிராயிங் என்றுகூடக் கேட்காமல் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பட்டறையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டுத்தான் பெட்டியை என் முன்னால் வைத்தான். "மடக்குங்க சார்" என்றான். அந்த சாருக்கே எல்லோரும் சிரித்தார்கள். குட்டைப் பக்கங்கள் இரண்டும் அடிப்பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் அழகாகப் படுத்துக்கொண்டன. மூன்றாவது பக்கத்தை மடக்கினேன். படுக்கவில்லை. குட்டைப் பலகைகளின்மேல் முட்டிக்கொண்டு சாய்வாக நின்றது. நான்காவது அதற்கும் மேலே, இன்னும் சாய்வாக. அழுத்தினேன். கீல் முனகியது. மொத்தத்தில் கோயில் திருவிழாவில் போடுகிற ராட்டினக்காரன் கூடாரம் மாதிரி இருந்தது.

"நீ பேப்பர்ல பலகைய ஒரு கோடா போட்டுக்கினு போயிட்ட" என்றான் ஏழுமலை. "கோட்டு மேல கோடு படுக்கும். பலகை மேல பலகை எப்புட்றா படுக்கும்? பலகைக்குத் தடிப்பு இல்லியா?"

"தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுதானே?"

"டிப்ளமா ஆச்சே, எதனா புதுசா கண்டுபுடிச்சிருப்பன்னு பாத்தேன்."

முக்கால் அங்குலம். அதுதான் நான் மறந்தது. முதலில் படுக்கிற பலகைகளுக்கு மேலே மூன்றாவது படுக்க வேண்டுமானால் அதன் கீல் முக்கால் அங்குலம் உயர வேண்டும். அதற்கும் மேலே நான்காவது படுக்க ஒன்றரை அங்குலம் உயர வேண்டும். ஏழுமலை அடிப்பலகையின் ஓரத்தில் இரண்டு சட்டம் வைத்துக் கீலை உயர்த்தி, அந்த அளவுக்குப் பக்கப் பலகையைக் குறைத்து, அரை நாளில் முடித்துவிட்டான். என் டிராயிங்கை முதலாளி மேஜைக்கு எதிரே, தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒட்டி வைத்தார்கள். ஒரு வாரம் யார் தண்ணீர் குடிக்கப் போனாலும் "தடிப்பு, தடிப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

பெட்டிகள் தயாரான சமயத்தில் அம்மாவுக்குத் திண்டிவனத்துக்கு மாறுதல் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாறுதலுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். நாலு பெட்டிகள், ஒரு டெம்போ, ஒரே நடை. ஒரு டம்ளர்கூட நசுங்கவில்லை. ராத்திரிச் சமையலுக்கு முன்னால் மூன்று பெட்டிகளை மடக்கிக் கட்டிலடியில் தள்ளிவிட்டேன். ஒன்றை மட்டும் அம்மா, பாத்திரம் வைக்க இப்போதைக்கு இருக்கட்டும் என்று, சமையலறையில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டாள். "நல்லா இருக்குதாம்மா?" என்று கேட்டேன். "நல்லா செஞ்சிருக்க" என்றாள். அதில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தெரு சின்னத் தெரு. ஒரு பக்கம் பதினோரு வீடு, மறுபக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான சுவர். நான் காலை பாசஞ்சரில் விழுப்புரத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பி வருவேன். அதனால் அம்மா அங்கே எப்படி இருந்தாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கவனித்தேன். கோவிலுக்குப் போய்வர அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. தூரம் ஒன்றும் இல்லை. வழியில் வீட்டுக்கு வீடு நின்றாள்.

மூன்று வருடம் ஆனது. உத்தரவும் வந்தது. பனமலைப் பக்கம் ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையம். நான் வழக்கம்போலக் கணக்காக, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே டெம்போ சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பெட்டிகளை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். காலையில் மூன்றும் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நாலு பெட்டிகளும் விரித்து நின்றன. சமையலறையில் ஒன்று, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, கூடத்தில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக. மடக்கலாம் என்று கொண்டியைத் திறந்து தள்ளினேன். அசையவில்லை. மூலைக்கு மூலை ஆணி. சிலது வளைந்து, சிலது பாதி இறங்கி, சிலது தலை நசுங்கி. குழந்தைக்கு ஊசி போட்டால் போட்டு முடித்த பிறகுதான் குழந்தைக்கே தெரியும். அப்படிப்பட்ட கை அம்மாவுடையது. அம்மிக் குழவியால் ஆணி அடித்திருக்கிறாள். கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. கூடத்துப் பெட்டியின் முகப்பில் மட்டும் ஒரு ஆணி நேராக இறங்கியிருந்தது. அதில் திருஇருதயப் படம் தொங்கியது. சுவரில்தானே அடிக்கக்கூடாது என்றார்கள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?"

"ஆணி அடிச்சேன்."

"இது மடக்குற பெட்டிம்மா."

"தெரியும். இனிமே மடக்க வேணாம். நான் பஸ்ல போய்ட்டு பஸ்ல வந்துடறேன்."

"ரெண்டு பஸ் மாறணும். பேஜாரு புடிச்ச ரோடு அது."

"பஸ் மாறிக்கிறேன். ஊடு மாற மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தேன் என்றேன். முக்கால் அங்குலத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீ நல்லாத்தாண்டா செஞ்ச. ஜல்தியா கெளம்புறதுக்கு ஏத்த மாரி செஞ்ச. நான் கெளம்பறனான்னு நீ கேக்கவே இல்லியே."

பிறகு காபி போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எந்த ஊருக்குப் போனாலும் நான் நர்சம்மா. நல்ல சனங்கதான், கொற சொல்லல. ஆனா உங்கப்பா போனப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல. இந்தத் தெருவுலதான் ஸ்டெல்லாக்கான்றாங்க. தெனம் ஒரு பத்து தடவையாச்சும் கூப்புடறாங்க. அத விட்டுட்டு வர முடியாது என்னால."

நான் வெளியே போய் டெம்போக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இட்லிப் பானை வரைக்கும் அளந்தவன் நான்.

அடுத்த வாரம் ஏழுமலை வீட்டுக்கு வந்தான். ஆணிகளைப் பார்த்து, "நர்சம்மா, இது ஆணியா சேமியாவா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நேராக அடித்துத் தருவதாகச் சொன்னான். அம்மா சம்மதிக்கவில்லை. "அது கெடக்கட்டும். நீ மொதல்ல ஸ்டெல்லாக்கான்னு கூப்புடு" என்றாள். அவன் அதற்கப்புறம் அப்படித்தான் கூப்பிட்டான். மல்லாட்டை பிடுங்கினால் அரை மூட்டை ஸ்டெல்லாக்காவுக்கு என்று தனியாக வரும்.

ஓய்வு பெறும்வரை பஸ்ஸிலேயே போய்வந்தாள். பனமலைக்கு அப்புறமும் இரண்டு ஊர் மாற்றினார்கள். அம்மா பஸ்ஸை மாற்றிக்கொண்டாள். எனக்குக் கல்யாணமாகி, சென்னைக்கு வந்து, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அம்மா அந்தத் தெருவில்தான் இருந்தாள். வாடகை வீடு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ஓனர் வீட்டார் மறக்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள், அந்தத் தெருவில் வரிசையாக அவருக்கு இருந்த ஐந்து வீடுகளையும் சேர்த்து விற்றார்கள். இன்னொரு வீடு பார்க்கலாம் என்றால் அதே தெருவில் எதுவும் காலியில்லை. அம்மாவுக்கு முட்டி வலியும் வந்துவிட்டது. என்னோடு வந்துவிடு என்றேன். இந்தத் தடவை கேட்டேன். முட்டியைத் தடவிக்கொண்டே சரி என்றாள்.

பெட்டிகளின் ஆணிகளை நான்தான் பிடுங்கினேன். வளைந்த ஆணி லேசில் வராது. ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். "பாத்துடா, பலகை ஒடஞ்சிடப் போவுது" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடம் கழித்தும் நாலும் தட்டையாகப் படுத்துக்கொண்டன.

சென்னை அடுக்ககத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பெரியவர்கள் ஆன்ட்டி என்றார்கள், குழந்தைகள் பாட்டி என்றார்கள், வாட்ச்மேன் இருநூற்று மூணு அம்மா என்றார். ஏழுமலை போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். நாலு வருடம் இருந்தாள். அம்மா போன மறு வருடம் ஏழுமலையும் போய்விட்டான்.

சென்ற மாதம் ஒரு வேலையாகத் திண்டிவனம் போனேன். கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடச் சுவர் இருக்கிறது. எதிரே மூன்று மாடிக் கட்டடம், கீழே வண்டிகள் நிறுத்துமிடம். நான் அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு காவல்காரர் வந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

வாழ்நாளில் அம்மாவை நான் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"ஸ்டெல்லாக்கா" என்றேன்.

அவர் நல்ல மனிதர். யோசித்துப் பார்த்தார். மேலே திரும்பி மாடி மாடியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே சார்" என்றார்.