இரட்டைச் சைக்கிளின் பின் சீட்டு

கன்னிவாடியை விட்டு ஒரு மைல் நடந்த பிறகும் நான் சைக்கிளில் ஏறவில்லை. இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் அது. எங்கள் ஊர் பேகம்பூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் இரண்டு பழைய வண்டிகளை வெட்டி ஒட்டவைத்துச் செய்து வாடகைக்கு விட்டது. முந்தின நாள் பிற்பகல் நானும் என் மனைவியும் அதில் வந்தோம். இப்போது நான் மட்டும் தள்ளிக்கொண்டு போனேன்.

எதிரே தக்காளிக் கூடைகளோடு வந்த மாட்டுவண்டிக்காரர் எங்களை நேற்றே பார்த்திருக்க வேண்டும்.

"ஏலே அப்பு, பின்னால இருந்த ஆள எங்க கொட்டிட்டு வார?"

"கொட்டலண்ணே. எறங்கிக்கிட்டா."

கல்யாணமாகி எட்டு மாதம். அதற்குள் மூன்று தடவை சொல்லாமல் கிளம்பிப் போய்த் திரும்பியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எனக்கு அதுதான் பழக்கம். கிடைத்த இடத்தில் படுப்பேன், கிடைத்ததைத் தின்பேன். மூன்றாம் தடவை திரும்பி வந்தபோது அவள், "அடுத்து போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி நான் எங்க அக்கா வீட்டோட இருந்துக்கிறேன்" என்றாள். அதனால்தான் அந்தப் பயணம். கன்னிவாடியில் அவள் அக்கா வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது. ஒத்துவந்தால் இரண்டு பேருமாக ஊர் ஊராகப் போவது என்று நினைத்திருந்தேன்.

முந்தின நாள் வரும்போது பாதி வழியில் ஒரு மேடு. இருவரும் இறங்கித் தள்ளினோம். மேலே வந்ததும் நான் உட்கார்ந்து, "ஏறு" என்றேன். பின்னால் வண்டி அசைந்தது. ஏறிவிட்டாள் என்று காலை எடுத்துவிட்டேன். இறக்கத்தில் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒட்டன்சத்திரம், பழனி, கோயமுத்தூர் மில் என்று போகப்போகிற இடங்களைச் சொல்லிக்கொண்டே போனேன். பதில் வரவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேசமாட்டாள். சமதளத்தில் மிதி கனத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

பின் சீட்டில் யாரும் இல்லை. திரும்ப மேடேறிப் போனேன்; அங்கே மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். சங்கிலியில் மாட்டிய சேலையை எடுக்கக் குனிந்த நேரத்தில் நான் கிளம்பியிருக்கிறேன். ஒரு முழம் கிழிந்திருந்தது.

"பேரச் சொல்லிக் கத்தியிருக்கலாம்ல?"

"கட்டுன புருசன் பேர ரோட்டுல நின்னு கத்தவா? இந்தாங்க இந்தாங்கன்னு அம்புட்டுத் தடவ கூப்பிட்டேன். ரோட்டுல போறவரு நின்னு என்னம்மான்னு கேக்குறாரு."

நான் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன்.

அன்றிரவு அக்காளும் அவளும் உள்ளே படுத்தார்கள், எனக்கு வாசலில் கட்டில். காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு மைலு தனியாத்தான் போயிருக்கீங்க. ஒங்களுக்கு வித்தியாசமே தெரியல. நான் வரல. ஒரு எடத்துல நெலையா நின்னு வேலை பாக்குறதுன்னா ஆள் அனுப்புங்க, வாரேன்."

கூழைக் குடித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் சைக்கிளைக் கடையில் விட்டேன். கடைக்காரர் பின்சங்கிலியில் சிக்கியிருந்த நீலச் சேலைக் கிழிசலைப் பிடுங்கிப் போட்டார். அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கோயமுத்தூர் பஸ் கிளம்ப நின்றிருந்தது. இடமும் இருந்தது. அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கேட்டேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுண்ணாம்புத் தொட்டி வேலை. நாள் முச்சூடும் நின்ன எடத்துலயே நிக்கணும். முடியுமா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன்.