மடியில் கிடந்த மூன்று பைப்

பேய், காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பட்டறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டக்கூட விட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அல்லிநகரத்தில் டீசல் எஞ்சின் பிரித்து மாட்டுகிறேன். ஓடாத எஞ்சினுக்கும் காரணம் உண்டு, ஓடுகிற எஞ்சினுக்கும் காரணம் உண்டு. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் கொச்சியில் பழைய பாய்மரப் படகு வாங்கினார். அதில் லட்சத்தீவு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"ஏலே பாண்டி, உள்ள இருக்கது மூணு சிலிண்டர் டீசல்தான், நம்ம டிராக்டரு மாதிரி. நீ கூட வா, போதும்" என்றார்.

வைகை அணையைவிடப் பெரிய தண்ணீரை நான் பார்த்தது கிடையாது. எனக்கும் நீச்சல் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. படகு ஓட்ட வர்கீஸ் என்று ஒரு மலையாளி கேப்டன்.

மூன்றாம் நாள் மதியம் காற்று அடியோடு நின்றது, பாய் துவண்டு தொங்கியது, ஆனால் நீரோட்டம் மட்டும் எங்களை ஒரு பவளத் திட்டை நோக்கி இழுத்துக்கொண்டே போனது. எஞ்சினைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடி இருமி நின்றது. டீசலில் தண்ணீர். கீழே எஞ்சின் அறையில் இறங்கி வடித்தேன், ஃபில்டரை மாற்றினேன், டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியே எடுத்தேன். அதற்குள் மேலே இருந்தவர்கள் ஸ்டார்ட்டரை அடித்து அடித்து பேட்டரியைக் கொன்றுவிட்டார்கள். அடிக்காதீர்கள் என்று நான் கத்தியதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. நங்கூரம் இறக்கினால் சங்கிலி தரையைத் தொடவில்லை. திட்டில் அலை உடைகிற சத்தம் கீழே எனக்கே கேட்டது. மோதினால் படகு பிளந்துவிடும்.

கேப்டன் ரப்பர் படகை இறக்கிவிட்டார். "பாண்டி, போதும், மதி! விட்டுட்டு மேல கேறி வா!"

"கேப்டன் கூப்பிடுறாகல்ல, வாலே!" என்று அண்ணாச்சியும் அழாத குறையாகக் கத்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. பிரிச்சத மாட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்."

வீம்புதான். ஆனால் அவர்களும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இன்ஜெக்டருக்கு டீசல் போகிற பைப் ஒன்றில் மயிரிழை விரிசல். மூன்று பைப்பும் ஒரே க்ளாம்பில் இருந்ததால் மூன்றையும் கழற்றி மடியில் வைத்திருந்தேன். அந்த நிலையில் சிலிண்டருக்குள் ஒரு சொட்டு டீசல் போக வழி இல்லை.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை. நான் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்து கேப்டன் கியரைப் போட்டு த்ராட்டிலைக் கொடுத்தார், வேகம் ஏறியது, குறைத்தார், இறங்கியது. டீசலுக்குப் பதிலாக எஞ்சின் அடியில் கிடக்கும் ஆயிலைக் குடித்து ஓடியிருக்கும் என்று தேனியில் ஒரு மேதாவி எனக்குப் பாடம் எடுத்தான். அப்படி ஓடினால் தறிகெட்டு ஓடுமடா, த்ராட்டிலுக்கு அடங்குமா? எஞ்சின் சுற்றினால் பம்ப்பும் சுற்றி டீசல் என் மூஞ்சியில் பீய்ச்சியிருக்க வேண்டும். ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை.

திட்டைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு கேப்டன் நிறுத்தினார், நின்றது. பைப்புகளோடு மேலே ஏறினேன். அண்ணாச்சி கட்டிப்பிடித்தார்.

"நீ மனுசனே இல்லலே!"

"நான் ஓட்டலண்ணாச்சி. பைப்பு பூராம் இங்கன இருக்கு, பாருங்க."

"நின்ன பெறகு கழட்டி எடுத்துட்டு வந்து யாருகிட்டலே கதை விடுற?"

பொய்யன் என்கிறாரா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேப்டன் மட்டும் பைப்பைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். சாயங்காலம் காற்று வந்து பாயிலேயே தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நடுக்கடலில் எஞ்சினை ஓட்டிய ஆள் என்று அண்ணாச்சி போடி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். கேட்கிறவர்களிடம் எல்லாம் மறுத்துச் சொல்கிறேன். தண்ணீரைக் கண்டுபிடித்தது நான், விரிசலைக் கண்டுபிடித்தது நான், எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தது நான். அந்தப் பெருமை எனக்குப் போதும். செய்யாத வேலைக்கு நான் பேர் வாங்க மாட்டேன்.

அண்ணாச்சியிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்தப் பைப்பை விரலால் பிடித்தால் நாடி மாதிரித் துடிக்கும். அன்றைக்கு இரண்டு முனையும் திறந்து, எதோடும் சேராமல், என் மடியில் கிடந்த மூன்றும் துடித்தன. ஒன்று, மூன்று, இரண்டு என்று சிலிண்டர்களில் டீசல் வெடிக்கிற வரிசைகூட மாறவில்லை. கேப்டன் எஞ்சினை நிறுத்திய பிறகும் அவை அடங்க வெகுநேரம் ஆயிற்று.