மேற்கே யாரோ ஒரு பங்காளி

என் அப்பாவும் அம்மாவும் வீட்டை விட்டு ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். எந்த ஊரிலிருந்து ஓடிவந்தார்கள் என்பதை இருவரும் கடைசிவரை சொல்லவில்லை. கடலூர் முதுநகரில், உப்புக்காற்று சுவரை அரித்துத் தின்னும் ஒரு வாடகை வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தேன். ஆடி மாதத்தில் ஒருநாள் அப்பா மொட்டைமாடிக்குப் போவார். மேற்கே பார்த்துக் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார். குலசாமிக்கு. எந்தச் சாமி, எந்த ஊர் என்று கேட்டால், "அந்தாண்ட" என்று கையைக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார். கடலோரத்தில் நின்று கையை நீட்டினால் குறிஞ்சிப்பாடியும் அந்தாண்டதான், காடாம்புலியூரும் அந்தாண்டதான், திட்டக்குடியும் அந்தாண்டதான்.

இருவரும் போனபிறகு சிதம்பரத்துக்குக் குடிவந்தேன். கல்யாணம் அமையவில்லை, அமையாமல் நானும் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் செத்தால் யார் வீட்டில் தீட்டு? எங்கள் தெருவில் யாராவது இறந்தால் எங்கெங்கிருந்தோ பங்காளிகள் வந்து இறங்குவார்கள். அதிகம் பேசிப் பழகியிராத ஒருவருக்காகத் தங்கள் வீட்டு விசேஷத்தைத் தள்ளிவைப்பார்கள். அப்பாவின் ஆண்வழியில் எனக்கும் ஒருவர், ஒரே ஒருவர், எங்கேயாவது இருக்கமாட்டாரா?

மண்ணுக்கடியிலிருந்து முதுமக்கள் தாழியை எடுத்து, அதிலிருக்கும் எலும்பை வைத்து வம்சம் தேடுகிற காலம் இது. என் எச்சிலை வைத்துத் தேட முடியாதா என்று ஒரு குழாயில் துப்பி அனுப்பினேன். திரும்பி வந்த வரைபடத்தில் தென்னிந்தியா முழுவதும் ஒரே ஆரஞ்சு நிறம். அது எனக்கே தெரியும். ஆனால் அதற்குக் கீழே ஒருவர் இருந்தார். தூரத்து உறவு என்றது கணினி. காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். வெளிநாட்டில் வேலைபார்க்கும் மகள், விடுமுறைக்கு வந்தபோது விளையாட்டாக அவரைத் துப்பவைத்திருக்கிறாள். அவளுக்கு எழுதி விலாசம் வாங்கினேன்.

தேங்காய், கற்பூரம், வெற்றிலை பாக்கு, மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எந்தச் சாமி என்று அவர் சொன்னதும் அன்றைக்கே கும்பிட்டுவிட வேண்டும் என்ற அவசரம். வீட்டைக் கண்டுபிடித்து நிமிர்ந்தால், நிலைப்படிக்கு மேல் சிலுவை.

"வாங்க வாங்க" என்றவருக்கு என் வயதுதான் இருக்கும். பையை எட்டிப் பார்த்தார். "என்னங்க, கோயிலுக்குப் போற வழியா?"

வந்த காரணத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க தாத்தா காலத்துலயே வேதத்துல சேந்துட்டம். அதுக்கு முன்ன எந்தச் சாமின்னு யாருக்குத் தெரியும்? ஒங்களக் கேக்கலாம்னு நான் உக்காந்திருக்கேன், போங்க."

அவர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கப் பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே கொடமொளகா மூக்கு. இதுக்கு வெளிநாட்டு டெஸ்டு வேற." தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீன் கொழம்புக்கு ஆச்சு" என்று உள்ளே கொண்டுபோனார். கற்பூரம் துணி பீரோவுக்குப் போனது.

சாப்பிட உட்கார்ந்தோம். எங்களுக்குள் என்ன முறை? சோதனை உறவு என்றதே தவிர, அப்பா வழியா அம்மா வழியா என்று சொல்லவில்லை. மற்றவர்கள் என்றால் குலசாமியைக் கேட்பார்கள். ஒரே சாமி என்றால் பங்காளி, வேறு சாமி என்றால் மாமன் மச்சான். எங்கள் இருவரிடமும் சாமி இல்லை.

"மச்சான்னே வச்சிக்குவம்" என்றார் அவர். "பங்காளின்னா பங்கு கேப்பீங்க."

"முந்திரித் தோப்புல பாதி எழுதி வைங்க" என்றேன்.

"பாத்தியாடி? பங்காளியேதான்!"

சிரிப்பு அடங்கியதும் என் கேள்வியைக் கேட்டேன். பங்காளியாகவே இருந்தாலும் உங்களுக்குத் தீட்டு கிடையாதே?

அவர் மீன்முள்ளை இலையோரம் ஒதுக்கினார். "தீட்டு இல்லதான். ஆனா எங்க பங்காளில ஒருத்தர் போயிட்டா, அந்த வருசம் கிறிஸ்மசுக்கு வாசல்ல ஸ்டார் கட்ட மாட்டம். தூரத்து மச்சானுக்கெல்லாம் அப்பிடி இருக்க முடியாது, அவுங்க ஜாஸ்தி பேரு. நீங்க பங்காளின்னு தெரிஞ்சா ஒங்களுக்கும் கட்ட மாட்டன்."

ஆண்வழியை மட்டும் பார்க்கும் சோதனை ஒன்று தனியாக உண்டு. இருவரும் அதற்கும் எச்சில் துப்பி அனுப்பினோம். காத்திருந்த நாட்களில் நான் வீடு தங்கவில்லை. புவனகிரி, பரங்கிப்பேட்டை, விருத்தாசலம் என்று காரணமில்லாமல் பஸ் ஏறினேன். இறங்கிய இடத்திலெல்லாம் டீக்கடையில் நின்று ஆண்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் முடிவு வந்தது. எங்கள் இருவரின் ஆண்வழியும் வேறு வேறு. அவருடைய கோடும் என்னுடைய கோடும் சந்திக்க வேண்டுமென்றால், தாழிகளுக்கும் முந்தைய காலத்துக்குப் போக வேண்டும்.

போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப மச்சான்தான்!" என்றார். அக்கா தங்கை வழி வந்த அண்ணன் தம்பியாகவும் இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை. "அட விடு மச்சான். பலா பழுத்துடுச்சி. ஞாயித்துக்கெழம வா."

நீங்கள் என்பது போய் நீ வந்திருந்தது. "வரேன் மச்சான்" என்றேன். நாக்குக்குப் பழக்கமில்லாத சொல். சொல்லி முடித்தபின்னும் வாயிலேயே நின்றது.

நான் செத்தால் அவர் வருவார். மாலை போடுவார், அழவும் செய்வார். அந்த வருடப் பண்டிகை அவர் வாசலில் வெளிச்சமாகத்தான் இருக்கும். அது நியாயம்தான். மகள் ஊருக்கு வருகிற பண்டிகை.

கணினியில் என் ஆண்வழிப் பக்கம் திறந்தபடி இருந்தது. பொருந்துகிறவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை. புதிதாக யாராவது வந்தால் தெரிவிக்கவா என்று கேட்டது. தெரிவி என்று அழுத்தினேன்.