மண்டை ஓட்டு கேஸும் பிப்பெட் சாரோட வயித்தெரிச்சலும்

இது நடந்த கதை. இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் என் மீசையை ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு இந்த ஸ்கூல் கேட் முன்னாடி உக்காந்துடறேன். வேன் டிரைவரண்ணே, எதுக்கு இப்பவே பாக்கெட்ல கத்திரிக்கோல் தேடறீங்க? சரி சரி, ஒத்துக்கறேன். அங்கங்க கொஞ்சம் இழுத்துதான் இருக்கேன். ஆளு நிஜம், ஸ்கூல் நிஜம், அவரோட வயித்தெரிச்சலும் நிஜம். அது எவ்வளவு உசரம் எரிஞ்சுதுங்கறது மட்டும் என் கைவேலை. பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கு, சைக்கிள் ஸ்டாண்டுக்காரரே, நீங்களும் வந்து கேளுங்க.

நம்ம கெமிஸ்ட்ரி சாருக்குப் பசங்க வெச்ச பேரு பிப்பெட். அது லேப்ல மருந்தை உறிஞ்சி அளக்கிற நீளமான கண்ணாடிக் குழாய். ஆளும் அதேதான். ஒல்லி, உசரம், வாயில இருந்து வர்ற பேச்சும் சொட்டு சொட்டா அளந்துதான் வரும். பக்கவாட்டுல திரும்பி நின்னாருன்னா சார் லீவுன்னு நெனச்சு பசங்க வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க.

அவருக்கு ஒரே பொண்ணு. அதே ஸ்கூல், அவர் கிளாஸ்லயே படிக்குது. வாசல் தாண்டி உள்ள வந்தா அவரு 'சார்', வெளிய போனா 'அப்பா'. அது சின்னப் புள்ளையா இருக்கும்போது கிச்சன்ல வினிகரை எடுத்து சோடா உப்பு மேல ஊத்தி நுரை பொங்க வைப்பாரு. அந்தப் புள்ள கை தட்டும் பாருங்க, மாடி வீட்டுக்காரன் இடி இடிக்குதுன்னு காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவான். அந்தக் கைதட்டலைத் தின்னுதான் மனுஷன் உசிரு வாழ்ந்தாரு. அவர் சம்சாரம் சமைக்கிறதை எல்லாம் சும்மா பேருக்குத்தான் சாப்பிட்டாரு.

இப்படி இருந்த வீட்டுக்குள்ள, ஸ்கூலுக்குப் புதுசா வந்த பயாலஜி மிஸ் நுழைஞ்சாங்க. ஆளு வரல, பேரு வந்துச்சு. 'மிஸ் இன்னைக்குப் பென்சில் கரியை அரைச்சு, பவுடர் பிரஷ்ஷால தொட்டு டம்ளர்ல இருந்த கைரேகையை எடுத்துக் காட்டினாங்கப்பா.' 'மிஸ் செருப்புத் தடத்தைப் பார்த்தே ஆளு நொண்டியான்னு சொல்லிட்டாங்கப்பா.' சோத்துல கை வெச்சா மிஸ், கையைக் கழுவினா மிஸ். தூக்கத்துல கூட அந்தப் புள்ள 'மிஸ்'ன்னு சிரிக்குதாம்.

"மூச்சுக்கு முந்நூறு தடவை மிஸ்ஸா? நடுவுல ஒரு தடவை அப்பான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"ன்னாரு சாரு.

சம்சாரம் அடுப்படியில இருந்து குரல் குடுத்தாங்க. "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருது. குழம்பா, நீங்களா?"

இதாவது பரவாயில்ல. ஒரு நாள் பயாலஜி லேப் பக்கமா போறாரு, உள்ள ஒரே கூச்சல். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா மனுஷனுக்கு நெஞ்சு நின்னு போச்சு. மிஸ் ஃபில்டர் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால ஒரு கறுப்புப் புள்ளி வெச்சு, பேப்பர் அடியைத் தண்ணியில நனைக்கிறாங்க. தண்ணி மேல ஏற ஏற, கறுப்பு மை பிரிஞ்சு நீலம் தனியா, ஊதா தனியா, மஞ்சள் தனியா ஏறுது. ஒவ்வொரு பேனா மையும் ஒவ்வொரு மாதிரி பிரியும்.

அட, அது கெமிஸ்ட்ரி! அவரோட பாடம்! வருஷா வருஷம் அவர் அதை நடத்தறப்போ பின் பெஞ்சு குறட்டையில முன் பெஞ்சு புஸ்தகம் பறக்கும். அதே பேப்பர், அதே தண்ணி, இங்க பசங்க பெஞ்சு மேல ஏறி நின்னு பார்க்குதுங்க. முதல் வரிசையில அவர் பொண்ணு. கை தட்டுது. வினிகர் நுரைக்குத் தட்டின அதே தட்டு.

கட்டின பொண்டாட்டி அடுத்தவன் ஸ்கூட்டர்ல போறதைப் பார்த்தாக்கூட அவ்வளவு எரிஞ்சிருக்காது. அன்னைக்கு அவர் தலை மேல ஒரு தோசைக்கல்லை வெச்சிருந்தா ஸ்டாஃப் ரூமுக்கே டிபன் ஆகியிருக்கும்.

அப்புறம் வந்துச்சு பெரிய கேஸ். பயாலஜி லேப் எலும்புக்கூட்டுக்கு மண்டையைக் காணோம். கழுத்துல ஒரு சீட்டு தொங்குது: 'தலை வேணும்னா ஒரு வாரம் டெஸ்ட் வைக்கக் கூடாது.' பசங்க துப்பறிஞ்சு பழகணும்னு எல்லாம் மிஸ்ஸோட ஏற்பாடுதான். மண்டை பத்திரமா அவங்க பீரோவுல இருந்துச்சு. சந்தேகப்பட வேண்டியவங்க நாலு பேரு: பி.டி. மாஸ்டர், லைப்ரரியன், கிளார்க், வாட்ச்மேன். நாலு பேரோட கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் நாலு கவர்ல மேஜை மேல இருக்கு. சீட்டை எழுதினது பி.டி. மாஸ்டர் பேனா, இது ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிஞ்ச ரகசியம். பசங்க அதை மை பிரிச்சுக் கண்டுபிடிக்கணும். காலையில பசங்க வந்து இடத்தை சுத்திப் பார்த்துட்டுப் போயாச்சு. சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் பரிசோதனை. ஹெட்மாஸ்டரே பார்க்க வர்றாரு. தலைமைத் துப்பறிவாளர் யாரு? நம்ம சாரோட பொண்ணு.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து பிப்பெட் உள்ள நுழைஞ்சாரு. கிளார்க்கோட பேனாவை எடுத்தாரு, அதே வாசகத்தை அதே எழுத்து மாதிரியே எழுதினாரு, பழைய சீட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு புதுசைத் தொங்க விட்டாரு. மிஸ் 'பி.டி. மாஸ்டர்'னு சொல்லுவாங்க, பேப்பர் 'கிளார்க்'னு சொல்லும். ஹெட்மாஸ்டர் முன்னாடி மானம் கப்பலேறும். பொண்ணு 'அப்பா, இதெல்லாம் உன்னை மாதிரி வருமா'ன்னு வீட்டுக்கு ஓடி வரும். அவ்வளவுதான் திட்டம்.

அப்படியே வெளிய வந்திருந்தா ஜெயிச்சிருப்பாரு. கண்ணு ஷெல்ஃப் மேல போச்சு. ஐயோ! மருந்து பாட்டில் எல்லாம் சந்தைக் கூட்டம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுகிட்டு, லேபிள் ஒண்ணு சுவரைப் பார்க்குது, ஒண்ணு தரையைப் பார்க்குது. ஒரு மூடி கவுந்து கெடக்குது. கெமிஸ்ட்ரிக்காரனுக்கு இது கண்ணுல மண்ணு. லேபிள் முன்னாடி பார்க்கணும், திரவம் இடது பக்கம், தூள் வலது பக்கம், மூடியை மல்லாக்கத்தான் வைக்கணும். தப்பா வெச்சவன் காதைத் திருகித் திருகி அவர் ஸ்கூல்ல பாதிப் பேருக்கு ஒரு காது நீளம். கை கேக்கல. அத்தனை பாட்டிலையும் அடுக்கி, சொட்டிக்கிட்டிருந்த குழாயையும் இறுக்கி மூடிட்டுத்தான் வெளிய வந்தாரு.

பரிசோதனை ஆரம்பிச்சாச்சு. சார் கடைசியில ஹெட்மாஸ்டர் பக்கத்துல கை கட்டி நிக்கிறாரு. பசங்க சீட்டு மையைப் பிரிச்சாங்க. கிளார்க் பேனாவோட நிறம் அச்சா அப்படியே வந்துச்சு.

மிஸ் முகம் வெளுத்துப் போச்சு. "இன்னொரு தடவை செஞ்சு பாருங்க"ன்னாங்க. செஞ்சாங்க. கிளார்க்குதான். ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரு. பிப்பெட்டுக்கு உள்ள கல்யாண மேளம்.

அப்பதான் பொண்ணு, "மிஸ், ஒரு நிமிஷம்"ன்னுச்சு. "சீட்டை விடுங்க, ஷெல்ஃபைப் பாருங்க. காலையில இப்படியா இருந்துச்சு?"

எல்லாரும் திரும்பினாங்க. பாட்டில் அத்தனையும் போலீஸ் அணிவகுப்பு மாதிரி விறைச்சு நிக்குது.

"நடுவுல யாரோ உள்ள வந்திருக்காங்க. சீட்டை மாத்தியிருக்காங்க."

பின்னாடி இருந்த ஒரு குண்டுப் பையன், காது கொஞ்சம் நீளம், துள்ளி எழுந்தான். "மிஸ்! லேபிளை இப்படித் திருப்பலேன்னா மூச்சு நின்னு போற ஆளு இந்த ஸ்கூல்ல ஒருத்தர்தான்..." அப்புறம்தான் யாரு பொண்ணு முன்னாடி நிக்குதுன்னு ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கிட்டான்.

பொண்ணு மெதுவா திரும்பி அவரைப் பார்த்துச்சு. அது மறைச்சிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா சாக்பீஸை எடுத்து, போர்டுல எழுதியிருந்த நாலு சந்தேகக்காரங்க பேருக்குக் கீழ அஞ்சாவதா எழுதிச்சு: 'கெமிஸ்ட்ரி சார்.'

ஹெட்மாஸ்டர் கழுத்தை மட்டும் திருப்பினாரு. லேப்ல அவ்வளவு அமைதி, எலும்புக்கூடு முட்டி மடக்கின சத்தம் கேட்டுச்சு. இது நான் இழுத்தது, விடுங்க.

மிஸ் சாரைப் பார்த்தாங்க, பொண்ணைப் பார்த்தாங்க, பட்டுனு கை தட்டினாங்க. "சபாஷ்! உங்களை சோதிக்கணும்னு நான்தான் சாரை வந்து மாத்தி வைக்கச் சொன்னேன். புடிச்சிட்டீங்களே!"

பசங்க ஜன்னல் கண்ணாடி அதிர கை தட்டினாங்க. ஹெட்மாஸ்டர் கை குடுத்தாரு. பொண்ணு மட்டும் தட்டல.

சாயங்காலம் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்த புள்ள, எப்பவும் அப்பா தோளைப் பிடிக்கும், அன்னைக்குப் பின் கம்பியைப் பிடிச்சுக்கிச்சு. சிக்னல்ல வண்டி நின்னப்போ கேட்டுச்சு. "மிஸ் நிஜமாவே சொன்னாங்களா?"

ஆமான்னு ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சுது. கைதட்டலும் அவருது, பொண்ணும் அவருது. ஆனா பின்னாடி இருந்து அந்தக் கண்ணு முதுகைத் துளைக்குது. "இல்லம்மா"ன்னாரு. "எனக்குத் தாங்கல. நீ அவங்களுக்குக் கை தட்டினது தாங்கல."

பச்சை விழுந்துச்சு. பின்னாடி வண்டிக்காரன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். இவரு நகரல.

"நாளைக்கு நீயே மிஸ்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் நான் உன்கூட பேச மாட்டேன்."

மறுநாள் பயாலஜி லேப் வாசல்ல பொண்ணு காவல் நிக்க, மனுஷன் உள்ள போய் எல்லாத்தையும் சொன்னாரு. எப்பவும் சொட்டு சொட்டா பேசறவரு, குழாய் உடைஞ்ச மாதிரி கொட்டிட்டாரு. மிஸ் கேட்டுட்டு, நாற்காலியில பொத்துனு உக்காந்தாங்க.

"தெரியும் சார். அதை விடுங்க. எனக்கு நேத்து தூக்கமே வரல. கைரேகை, செருப்புத் தடம், மைன்னு மாசக்கணக்கா நான் தொண்டை கிழிய சொல்லிக் குடுத்திருக்கேன். என் கேஸ்ல, என் லேப்ல, என் பசங்க நான் சொல்லிக் குடுத்ததை வெச்சா திருடனைப் பிடிச்சாங்க? நீங்க காதைத் திருகிச் சொல்லிக் குடுத்ததை வெச்சுப் பிடிச்சாங்க. வயிறு எரியுது சார் எனக்கு."

கெமிஸ்ட்ரி சாருக்கு வெக்கப்படணும்னு தெரியும். முயற்சி பண்ணினாரு, வரல. முகம் முழுக்கப் பல்லு. வாசல்ல இருந்து பொண்ணு, "அப்பா, சிரிக்காதே!"ன்னு அதட்டுச்சு. ஸ்கூலுக்குள்ள அது அவரை அப்பான்னு கூப்பிட்டது அதுதான் மொத தடவை...

என்ன சைக்கிள் ஸ்டாண்டுக்காரரே, நடுவுல?

"என்ன இருந்தாலும் பெத்த அப்பனை அந்தப் புள்ள போர்டுல எழுதியிருக்கக் கூடாதுய்யா."

"ஏன் கூடாது?"ன்னு வேன் டிரைவர் எகிறுறாரு. "திருடினா அப்பன்னா என்ன, ஆட்டுக்குட்டின்னா என்ன? நீ வயித்தெரிச்சல்காரனுக்குத்தான் பரிஞ்சு பேசுவ. என் வேனுக்குப் புது சீட் கவர் போட்டப்போ என் மூஞ்சியையே பார்க்காதவன்தானே நீ?"

"அந்தக் கிளிப்பச்சை கவரைப் பார்த்தா கண்ணு கூசுது, அதான் திரும்பிக்கிட்டேன்! உன் வேனைப் பார்த்து நான் எரியறேனா? என் ஸ்டாண்டுல கூட்டம் அதிகம்னு என் வாசல்லயே வேனை நிறுத்தி மறைக்கிறது யாரு?"

"யாருடா மறைக்கிறது? சொல்லுடா!"

"டா போடாதே!"

யோவ், விடுங்கய்யா, அது என் சட்டை! பட்டனைப் பிடிச்சு இழுக்காதே. அண்ணே, அந்த சைக்கிள் பம்பைக் கீழ வைங்கண்ணே...