ரைட்டரம்மாவின் திருத்தம்

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் கூடியிருக்கும் இடத்தை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். வண்டிகள் எல்லாம் உடனே கிளம்ப வசதியாகத் தெருவைப் பார்த்து நிற்கும். உள்ளே யாரும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார விரும்ப மாட்டார்கள். அதனால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாலும் பத்து நிமிடத்தில் அது அரைவட்டமாகிவிடும்.

நூலகத்தின் மாடி அறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த அரைவட்டம் கூடும். நாற்பத்து மூன்று பேர் உறுப்பினர்கள். வருகிறவர்கள் முப்பது பேர் இருக்கலாம். வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ஒரு செய்தித்தாள் உண்டு. ஒரே தாள், இரண்டு பக்கம். அதை எழுதுகிறவரும் கூட்டத்தில் உரக்கப் படிக்கிறவரும் ரைட்டரம்மா.

இருபத்திரண்டு வருடம் காவல் நிலையத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். புகார், வாக்குமூலம், தினக்குறிப்பு எல்லாம் அவர் கையால்தான். சொந்தப் பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. செய்தித்தாளுக்காகத் திங்கள் முதல் வியாழன் வரை ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். நலம் விசாரிப்பதாகத்தான் அவர் நினைப்பு. எதிர்முனையில் இருப்பவருக்கு அது விசாரணை மாதிரிதான் இருக்கும்.

"விழுந்தீங்களா? எத்தனை மணிக்கு? எந்த முழங்கால்? தூக்கிவிட்டது யார்?"

அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு வயித்து வலின்னாகூட முதல்ல நேரத்தைத்தான் கேக்கறா. மாத்திரை அப்புறம்தான்" என்பார்.

இறந்தவர்களுக்கு அந்தத் தாளில் நான்கு வரி. சேர்ந்த வருடம், பார்த்த நிலையங்கள், ஓய்வு பெற்ற நாள், குடும்பம். கடைநிலைக் காவலருக்கும் நான்கு வரி, பெரிய அதிகாரிக்கும் நான்கு வரி. நேர்மையானவர், அஞ்சாதவர் என்றெல்லாம் கிடையாது. நாற்பது வருடம் ஒருவரோடு வேலை பார்த்தாலும் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லத் தன்னால் முடியாது என்று அவர் நினைத்தார். தெரியாததை எழுதாமல் இருப்பது ஒரு பெரிய நற்குணம் அல்ல. ஆனால் அதுவும் பலரிடம் இருப்பதில்லை.

அந்த மாதம் இன்ஸ்பெக்டர் இறந்துபோனார். அவரிடம்தான் ரைட்டரம்மா ஒன்பது வருடம் வேலை பார்த்திருந்தார்.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டரின் மகன் ரைட்டரம்மா வீட்டுக்கு வந்தான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. கையில் அச்சடித்த இரண்டு பக்கம்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு நாலு வரி போதாது. இதை அப்படியே போட்டுடுங்க. சங்கத் தலைவர்கிட்டயும் பேசிட்டேன், சரின்னுட்டார்."

ரைட்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாவது பக்கத்தின் நடுவில் அது இருந்தது. முப்பத்தோரு வருடத்துக்கு முன், இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த ஏழு வயதுச் சிறுமியை, மூடிக் கிடந்த ஐஸ் ஆலையிலிருந்து இன்ஸ்பெக்டர் தன்னந்தனியாக மீட்டார்; பூட்டைக் கூர்ந்து கவனித்துச் சந்தேகப்பட்டார்; கதவை உடைத்து உள்ளே போனார்; அதற்காகப் பதக்கம் பெற்றார்.

"இதை யாருப்பா சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஸ்டேஷன் டைரி நகல் எங்க வீட்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கே. உங்க கையெழுத்துதான் ஆன்ட்டி, முத்து முத்தா."

அவன் போன பிறகு ரைட்டரம்மா அந்தத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

நடந்தது இதுதான். அன்று பிற்பகல் நிலையத்துக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஜீப் டிரைவர். தன் சீருடைச் சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றியிருந்தார், பனியனோடு நின்றார். வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்ற உத்தரவோடு ஆலைக்கு எதிரே காவல் நிறுத்தப்பட்டிருந்தவர் அவர். இன்ஸ்பெக்டர் அப்போது மேலதிகாரியின் கூட்டத்தில் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தான் கண்டுபிடித்ததாகச் சொல்லச் சொல்ல ரைட்டரம்மா எழுதினார். முடித்ததும் "இன்னொன்னு எழுதும்மா" என்றார். அனுமதி இல்லாமல் வண்டியைவிட்டுப் போனதற்காக டிரைவருக்கு மெமோ. அதே நாள், அதே நேரம், அதே பேனா. ஒரு தாள் பதக்கமாகிச் சுவரில் ஏறியது. மற்றது டிரைவரின் பதவி உயர்வை மூன்று வருடம் தள்ளிப்போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இதனால் ரைட்டரம்மா தூக்கம் கெட்டுத் தவித்தார் என்று சொன்னால் பொய். நன்றாகவே தூங்கினார். உத்தரவு என்ற சொல் மனிதனுக்குக் கொடுக்கும் நிம்மதி அப்படிப்பட்டது.

"எழுதிக் கொடுத்துட்டுப் போயேன். செத்தவர்தானே" என்றார் கணவர்.

"முதல் தடவை எழுதினது உத்தரவுங்க. இப்ப எனக்கு உத்தரவு போட யார் இருக்கா? இப்ப எழுதினா அது நானே சொன்ன பொய்."

"சரி. அப்ப எழுதாதே."

"எழுதாம விட்டாலும் சுவத்துல இருக்கே."

மறுநாள் டிரைவரைப் பார்க்கப் போனார். மருமகனுடைய மோட்டார் பட்டறையில், பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து டிரைவர் நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. இடது காது சுத்தமாகக் கேட்காது. ரைட்டரம்மா வலது பக்கமாகப் போய் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"செத்த மனுஷன்மேல கேஸ் போடப் போறீங்களா, ரைட்டரம்மா?"

"அவர்மேல இல்லண்ணே. என்மேல."

"விடுங்க. என் பேரப்பசங்களுக்கேகூடத் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மெமோ வாங்கினதையும் சேத்துச் சொல்லணுமே." ஒரு நட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வீட்டுக்காரிகிட்ட மட்டும் அன்னைக்கே சொன்னேன். அவ நம்பல. பேப்பர்ல ஐயா படம்தானே வந்திருக்குன்னா. வண்டியை விட்டுட்டு எங்கயோ குடிக்கப் போயிருப்பேன்னு அவளுக்கு நினைப்பு. போய்ச் சேர்ற வரைக்கும் அந்த நினைப்பு மாறல."

ரைட்டரம்மா இன்னொரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேப்பர்காரனைச் சொல்லி என்ன? ஸ்டேஷன்ல எழுதினதைத்தான் அவன் போட்டான்" என்றார் டிரைவர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நட்டை அதற்குரிய டப்பாவில் போட்டார்.

"சனிக்கிழமை வாங்கண்ணே."

"வரல. என்னை வச்சு அங்க ஒரு பஞ்சாயத்து வேணாம்."

"நீங்க வரலைன்னாலும் படிப்பேன். வராததையும் சேத்துப் படிப்பேன்."

"அப்பவே இப்படிப் பிடிவாதமா இருந்திருக்கலாமில்ல?" என்று சிரித்தார் அவர்.



ரைட்டரம்மா வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டருக்கு நான்கு வரி, சரியான தேதிகளோடு. அதற்குக் கீழே "திருத்தம்" என்று தலைப்புப் போட்டார். இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லும் வாக்கியம் ஒன்று வந்தது, அதை அடித்துவிட்டார். தான் சூழ்நிலைக் கைதி என்று காட்டும் வாக்கியம் இன்னொன்று வந்தது. அதை அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் மிஞ்சியது ஆறு வாக்கியம். பிறகு இன்ஸ்பெக்டரின் மகனுக்குப் போன் போட்டு, முழுவதையும் படித்துக் காட்டினார்.

"எங்கப்பாவை அசிங்கப்படுத்தறீங்க ஆன்ட்டி. அவர் போனப்புறம் ஏன் தைரியம் வருது உங்களுக்கு?"

"நியாயமான கேள்விதான் தம்பி. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கணும். அந்தத் தப்பும் என்னோடதுதான்."

"நானும் வரேன். என் முன்னாடி படிங்க பாக்கலாம்."

"வாப்பா. நீ இருந்தா நல்லது."

சனிக்கிழமை ஒன்பதரைக்கே தலைவர் மாடிப்படியில் காத்திருந்தார். துணைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"கீழே இருக்கறதை எடுத்துடுங்க ரைட்டரம்மா. நாம இங்க வர்றது நாலு வார்த்தை சிரிச்சுப் பேச. பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது?"

"அதை எடுத்தா மொத்தத் தாளையும் எடுத்துக்குங்க ஐயா. அடுத்த மாசத்துலேர்ந்து யாருக்கு எந்த முட்டி வலிக்குதுன்னு நீங்களே நாப்பத்து மூணு பேருக்கும் போன் போட்டுக் கேளுங்க."

"மிரட்டறீங்களா?"

"ஆமாங்கய்யா."

தலைவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பத்து மணிக்கு அரைவட்டம் நிறைந்தது. மகன் முன்வரிசையில் இருந்தான். டிரைவரும் வந்திருந்தார், கதவோரம், நல்ல காது அறையைப் பார்க்கும்படி. ரைட்டரம்மா நின்றபடி, புகாரைப் படிக்கும் அதே குரலில் படித்தார். ஒருவருக்குப் பேத்தி பிறந்தது, ஒருவருக்குக் கண் அறுவை, ஒருவர் வீடு மாறியது. பிறகு இன்ஸ்பெக்டருக்கான நான்கு வரி. பிறகு திருத்தம்.

"ஐஸ் ஆலையிலிருந்து சிறுமி மீட்கப்பட்ட நாளின் தினக்குறிப்பு தவறானது. அதை எழுதியவள் நான். தவறு என்று தெரிந்தே எழுதினேன். பூட்டைக் கவனித்துக் கதவை உடைத்து, நான்கு பத்துக்குச் சிறுமியை மீட்டவர் ஜீப் டிரைவர். அதே நாளில் அவருக்கு எழுதப்பட்ட மெமோவும் என் கையெழுத்தே. அவர் கடமையை விட்டுப் போகவில்லை."

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. மோப்ப நாய்ப்படையில் இருந்த ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதானே பாத்தேன்! அன்னைக்கு என் நாய் நேரா டீக்கடைக்குப் போய்ப் படுத்துக்கிச்சு. அதுக்கு எனக்கும் ஒரு மெமோ."

சிலர் சிரித்தார்கள். மகன் எழுந்து நின்றதும் சிரிப்பு அடங்கியது.

"இவங்க வாய் வார்த்தைதானே? அப்ப எங்கப்பா எங்க இருந்தார்? யாராவது சொல்ல முடியுமா?"

ரைட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் தலைவர் தொண்டையைச் செருமினார். நாற்காலியைவிட்டு எழவில்லை, மகனைப் பார்க்கவும் இல்லை.

"என் பக்கத்துல இருந்தார், தம்பி. ரெண்டு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும், மேலதிகாரி கூட்டத்துல. மறுநாள் பேப்பர்ல படத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

மகன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு தன் கையிலிருந்த இரண்டு பக்கத்தையும் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். போய்விடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் போகவில்லை. தலைவரை அப்படிப் பேச வைத்தது என்ன என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மனசாட்சி என்பார்கள். சில சமயம் இன்னொருவர் முதலில் மழையில் நனைந்துவிட்டார் என்பதே போதுமானதாக இருக்கிறது.

"ரைட்டரம்மா."

கதவோரத்திலிருந்து டிரைவர். காதுக்குப் பின்னால் கையைக் குவித்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாலு பத்துன்னு படிச்சீங்க. நாலு பத்து நான் ஸ்டேஷன் வாசல்ல வந்து இறங்கின நேரம். கதவைத் திறந்தது மூணே முக்கால்."

"சரிண்ணே."

"கதவை உடைச்சேன்னீங்க. நான் உடைக்கல. பூட்டு துருவா இருந்துது, சாவி போற ஓட்டை மட்டும் புது எண்ணெயில மினுங்குச்சு. அதான் எறங்கினேன். ஜாக்கிக் கம்பியை விட்டு, பூட்டு மாட்டியிருந்த கொண்டியை நெம்பினேன். கதவுல ஒரு கீறல் இல்ல. எழுதறதுன்னா சரியா எழுதுங்க."

அறையில் பாதிப் பேர் நாற்காலியைத் திருப்பிவிட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை டிரைவர் காத்திருந்தார். ரைட்டரம்மா பேனாவைத் திறந்து தாளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"கொண்டியை நெம்பினீங்க. அப்புறம்?"

"உள்ள ஒரே இருட்டு. போலீஸ் மாமா வந்திருக்கேன்னு கத்தினேன். பதில் இல்ல. டிரைவர் மாமா வந்திருக்கேன்னேன். மரப்பெட்டிக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பாத்துச்சு."

"அழுதுதா?" என்று கேட்டது இன்ஸ்பெக்டரின் மகன்.

டிரைவர் அவன் பக்கம் திரும்பினார்.

"அழல தம்பி. வண்டியில முன்னாடி உக்காரலாமான்னு கேட்டுச்சு."

"அதையும் எழுதவா?" என்றார் ரைட்டரம்மா.

"எழுதுங்க. உக்கார வச்சேன்னும் எழுதுங்க."