மேசைக் கொடிகள்

கணவர் வருகைதரு விரிவுரையாளராக டென்மார்க் வந்தபோது நானும் கூடவே வந்திருந்தேன். ஊரில் போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த மறுநாள், அவருடைய துறையில் கேக் சாப்பிட என்னையும் கூப்பிட்டார்கள். வன்னியிலிருந்த தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போனேன். மேசையெங்கும் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள். ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கி வாழ்த்தினார்கள். போர் முடிந்ததற்காக்கும் என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை. எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

திரும்பும்போது பேருந்தில் கணவரிடம், “அவைக்கு எங்கட சண்டையைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டேன்.

“இண்டைக்கு என்ர பிறந்தநாளெல்லே. இஞ்ச பிறந்தநாளுக்குக் கொடி வைச்சு, மனுசியையும் சேர்த்துத்தான் வாழ்த்துவினம்” என்றார்.

“ஓம்” என்றேன். அந்த அறையில் அவரை வாழ்த்தாதவள் நான் ஒருத்திதான். பேருந்திலும் வாழ்த்தவில்லை.